சாவியோடு ஓடுகிறவர்

வலது கை மட்டும் வீசுகிறது. இடது கை மடங்கி விலாவோடு ஒட்டியிருக்கிறது. விரல்கள் இறுக மூடியிருக்கின்றன. காலை ஆறு மணிக்குக் கம்பி வேலியின் கதவு திறந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண்கள் வாளியும் உளியுமாகச் செம்மண் சடக்குச் சாலையில் இறங்குவதற்குள் பக்கிரிசாமி அவர்களைத் தாண்டி ஓடிவிடுகிறார். காலில் செருப்பில்லை. முழங்கால் வரை காக்கிக் கால்சட்டை, கையில்லாத பனியன். பின்னாலிருந்து பார்த்தால் முப்பது வயது சொல்லலாம். பக்கத்தில் வரும்போது மூச்சைக் கேட்டால் ஐம்பதுக்கு மேல் என்று தெரிந்துவிடும்.

"வழி விடுங்கடி, ரயிலு வருது!" என்று கத்துகிறாள் காளியம்மா. அந்த லயத்து வீடுகளிலேயே வாய் நீளமானவள் அவள்தான். "என்னாண்ணே, கைக்குள்ள ஈயப் புடிச்சு வச்சிருக்கீங்களா? தொறந்தா பறந்துடுமா?"

"தொறந்தா வண்டியே பறந்துடும். போய் மரத்தப் பாருலா, கழுத."

ஓடிக்கொண்டே சொல்கிறார். பெண்கள் சிரிக்கிறார்கள். நவமணி மட்டும் சிரிப்பதில்லை. சடக்கோரத்து முதல் மர நிரை அவளுடையது. முதல் மரத்தில் அவள் உளி வைக்கும்போது அவர் மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார். அறுபதாவது மரத்துக்கு அவள் வருகிறபோது திரும்பி இறங்கிக்கொண்டிருப்பார். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அவர் ஓட்டம் மழைக்கும் உண்டு.

அந்தக் கைக்குள் இருப்பது ஒரு கார் சாவி.

மலாயாவில் அவசரகாலம் வந்து இது ஐந்தாவது வருஷம். புக்கிட் செலம்பாவ் போகிற வழியில் உள்ள இந்த ஏழாங்கட்டைத் தோட்டத்தில், மூன்று இடங்களில் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து, சுற்றிலும் இரண்டாள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில்தான் திறப்பது. தோட்டத்துக்கென்று ஒரு பழைய கறுப்புக் கார் இருக்கிறது. கணக்கு எழுதுகிற கிராணியைத் தபாலுக்குக் கூட்டிப் போவதும், நோயாளியைச் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதும் அதன் வேலை. அதை லயத்தில் நிறுத்தக் கூடாது. துரை பங்களாவை ஒட்டிய கொட்டகையில்தான் நிற்க வேண்டும். லயத்திலிருந்து ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல், முழுக்க ஏற்றம்.

சாவி முன்னெல்லாம் அதே கொட்டகையின் சுவரில் ஆணியில் தொங்கியது. பக்கத்துத் தோட்டமொன்றில் இப்படி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, காட்டுக்குள்ளிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கே துரை உத்தரவு போட்டார். சாவி எந்நேரமும் டிரைவர் உடம்பில் இருக்க வேண்டும். தொலைந்தால் டிரைவர் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆக, கார் ஓரிடம், சாவி ஓரிடம், நோயாளி ஓரிடம். மூன்றையும் சேர்த்து வைக்கப் பக்கிரிசாமியின் கால்கள்தான் இருந்தன. மற்ற நேரத்தில் பால் ஸ்டோரில் தொட்டி கழுவுவார். ஆள் வந்து கூப்பிட்டால் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்.

ஓடுகிறவன் சாவியை எங்கே வைப்பது? இந்தப் பேச்சை எடுத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்து வர முடியாது. முதலில் சட்டைப் பையில் வைத்துப் பார்த்தார். குலுக்கலில் எகிறி லாலான் புல்லில் விழுந்து, பாதி லயம் இறங்கித் தேடியது. கால்சட்டைப் பையில் போட்டு வாயை ஊக்குக் குத்தி மூடினார். பாதி வழியில் ஊக்குத் திறந்து தொடையில் ஏறியது. பல்லில் கடித்துக்கொண்டும் ஓடிப் பார்த்தார். "வாய மூடிக்கிட்டு ஏத்தத்துல ஓடிப் பாரு தெரியும். அர கட்டையில கண்ணு இருட்டிக்கிச்சு." கழுத்தில் தொங்கவிட்டால் நெஞ்சிலே டக்டக்கென்று அடித்தது. "மாட்டுக்கு மணி கட்டுனாப்ல." தன்மேல் விழப்போகிற கேலியைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

கடைசியில் வழி சொன்னவள் அவர் மனைவி பிச்சையம்மாள். "ஒடம்போட ஒட்டுன கவுறு ஒண்ணு இருக்கில்ல? அதுல மாட்டுங்க" என்றாள். அவர் இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை அவளே மடக்கி, சாவியின் பித்தளை வளையத்துக்குள் விட்டு, அந்த மடிப்புக்குள் சாவியை நுழைத்து இழுத்தாள். சுருக்கு விழுந்தது. கழற்ற வேண்டுமானால் மடிப்பைத் தளர்த்தி ஓர் இழுப்பு, அவ்வளவுதான். இரண்டு வருஷம் சாவி அசையவில்லை. வேலிக் கதவில் நின்று எல்லாரையும் தடவிப் பார்க்கிற மலாய்க் கான்ஸ்டபிளுக்குக்கூடப் பழகிவிட்டது. இடுப்பில் கை தட்டுப்பட்டதும், "கூஞ்சி, கூஞ்சி" என்று சாவியின் பெயரைத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்.

பிச்சையம்மாளுக்கு மூச்சிழுப்பு உண்டு. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரசர் கொடுக்கிற மருந்துக்கு அடங்காத இழுப்புக்கு ஆஸ்பத்திரி ஊசிதான். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு நவமணி ஓடிவந்து, சாப்பிட்டுப் படுத்திருந்த பக்கிரிசாமியை உலுக்கி எழுப்பினாள். கொட்டுகிற மழையில் அவர் ஓடினார். கொட்டகையை எட்டி இடுப்பில் கை வைத்தால், நனைந்த கயிறு ஊறிப்போய், சுருக்கு கல்லாக இறுகிக் கிடந்தது. இழுத்தார், நெருடினார். நகம் பிய்ந்தது, கயிறு தளரவில்லை.

பங்களாத் தோட்டக்காரன் முனியாண்டி புல்லறுக்கிற அரிவாளோடு வந்தான். "அறுத்துடுங்கண்ணே!"

"அரணாக் கவுத்த அறுக்கவா? உசுரோட நிக்கிறேன்டா நானு. அவ அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்கா. இந்த நேரத்துலயா?"

இடுப்பில் கயிறில்லாமல் கிடப்பது பிணம் மட்டும்தான். இற்றுப்போன கயிற்றை மாற்றுகிறவன்கூடப் புதியதைக் கட்டிக்கொண்டுதான் பழையதை அறுப்பான். நடுவில் ஒரு நொடி இடுப்பு வெறுமனே இருக்கக் கூடாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதனால் இரண்டு பேரும் கயிறு தேடினார்கள். கொட்டகையில் எண்ணெய்த் துணி இருந்தது, சங்கிலி இருந்தது, பழைய டயர் இருந்தது. கயிறு இல்லை. முனியாண்டி பங்களாவின் பின்பக்கம் ஓடி, துணி காயப்போடுகிற கொடியில் இரண்டு முழம் வெட்டிக்கொண்டு வந்தான். அதைச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் பழைய கயிற்றில் அரிவாள் பட்டது.

எவ்வளவு நேரம் போயிற்று என்று கேட்டால், "ஒரு சுருட்டு குடிச்சு முடிக்கிற நேரம்" என்பார் பக்கிரிசாமி. அவ்வளவு இருக்காது என்பான் முனியாண்டி.

காரின் பின்பக்கம் நவமணி உட்கார்ந்து, பிச்சையம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊரடங்குக்காகப் பெரிய சடக்கில் தடுப்பு மரம் ஆறு மணிக்கு விழும். இவர்கள் போய் நின்றபோது ஆறு அடித்து ஐந்து நிமிஷம். காவலில் இருந்தவர்கள் மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். உத்தரவு வந்து மரத்தைத் தூக்குவதற்குள் நவமணியின் மடி கனத்துவிட்டது.

புருஷன் செத்தால் பெண்ணுக்குத் தாலி அறுக்கிறார்கள். பெண் செத்தால் புருஷனிடம் அறுப்பதற்கு ஒன்றுமில்லை. நவமணிக்கு இந்தக் கணக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போன புருஷன் திரும்பாமல், உடம்பைக்கூடப் பார்க்காமல், வந்து சொன்னவர்கள் பேச்சை நம்பித் தாலி அறுத்தவள் அவள். ஆனால் பிச்சையம்மாளைப் புதைத்துவிட்டு வந்த ஆண்கள் குழாயடியில் தலை முழுகிக்கொண்டிருந்தபோது, பக்கிரிசாமி ஒரு பால் உளியை எடுத்து, இடுப்பிலிருந்த அந்தத் துணிக்கொடிக் கயிற்றை அறுத்துத் தண்ணீரில் விட்டார்.

கங்காணி ராமையா பதறிப்போனார். "டேய் பக்கிரி, என்னாடா செய்யிற? உசுரோட இருக்கிறவன் செய்யிற காரியமாடா இது?"

"நேத்தே செஞ்சிருந்தா இன்னிக்கிச் செய்ய வேண்டியதில்ல, மாமா."

அதற்குப் பிறகு அவர் கயிறு கட்டவில்லை. சாவி கைக்கு வந்தது. வளையம் நடுவிரலில் மோதிரம்போல் மாட்டியிருக்கும். சாவி உள்ளங்கையில் படுத்திருக்கும். நான்கு விரலும் அதை மூடியிருக்கும். தொட்டியை ஒரு கையால் கழுவுகிறார். முகத்தை ஒரு கையால் அலம்புகிறார். வேலிக் கதவில் அந்தக் கான்ஸ்டபிள் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. "புக்கா தாங்ஙான்" என்று மெதுவாகச் சொல்ல, இவர் கையை விரித்துக் காட்டுவார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து பதிந்து ஒரு வடு விழுந்திருக்கிறது. அது ஆறுவதற்கு அவர் இடம் கொடுப்பதில்லை.

ஒரு நாளைக்கு மூன்று முறை ஓடுகிறார். காலையில் ஒன்று, பால் நிறுக்கும் முன் ஒன்று, வேலை விட்டதும் ஒன்று. யாரும் கூப்பிடாத நாளிலும் ஓடிப் போய், இன்ஜினைப் போட்டுப் பார்த்து, அணைத்துவிட்டு, திரும்ப ஓடி வருகிறார். பழக்கம் விட்டுப் போகக் கூடாதாம். கன்னம் ஒட்டிவிட்டது. இருமினால் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார். டிரசர் சுப்பிரமணியம் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள தப்படிக்குது. இப்படியே ஓடுனா ஒரு நாளு சடக்குலயே விழுந்துருவீங்க" என்றார்.

"விழுந்தா சாவி கையிலதான இருக்கும், டிரசர் ஐயா. முனியாண்டிய எடுத்துக்கிட்டு ஓடச் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கதவோரம் நின்ற நவமணி வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் ஒரு சேதி இருக்கிறது. அன்றைக்குப் பிச்சையம்மாளுக்கு இழுப்பு வந்தது ஐந்து மணிக்கு அல்ல; மூன்று மணிக்கே வந்துவிட்டது. கிராணியோடு அலைந்துவிட்டுப் பக்கிரிசாமி அப்போதுதான் வந்து சோற்றில் கை வைத்திருந்தார். வானம் வெளுத்திருந்தது. பிச்சையம்மாள் பரிமாறிவிட்டுப் பின்பக்கம் வந்து, சுவரில் கை ஊன்றி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இழுத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நவமணி எழுந்தாள். "அண்ணங்கிட்டச் சொல்றேன் அண்ணி."

"சொல்லாத. காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல அவருக்கு. தின்னு முடிக்கட்டும்." தின்று முடித்ததும், "கொஞ்சம் கண்ணசரட்டும். எனக்கு இது அடங்கிடும். எம்மேல சத்தியம், சொல்லாத" என்றாள். நவமணி சொல்லவில்லை. நாலரைக்கு மழை பிடித்தது. ஐந்து மணிக்கு உதடு நீலமாயிற்று.

மூன்று மணிக்குச் சொல்லியிருந்தால் அவர் காய்ந்த கயிற்றோடு ஓடியிருப்பார். சுருக்கு ஓர் இழுப்பில் கழன்றிருக்கும். தடுப்பு மரம் நிமிர்ந்தே நின்றிருக்கும்.

இதைச் சொன்னால் அந்தச் சுருக்கு அவர் நெஞ்சைவிட்டு இறங்கும், இந்த ஓட்டமும் நிற்கலாம் என்று நவமணி நினைக்கிறாள். உடனே, அது இறங்கின இடத்தில் ஒரு தட்டுச் சோறு ஏறி உட்கார்ந்துகொள்ளுமே என்று பயப்படுகிறாள். வாயை மூடிக்கொண்டிருந்த குற்றம் தன்மேலும் வரும். அது அவளுக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு நாளும் அந்த அறுபதாவது மரத்தில், இறங்கி வருகிறவரின் மூச்சு முதல் நாளைவிட மோசமாகக் கேட்கிறது. ஒவ்வொரு நாளும் உளியைத் தாழ்த்தி, வாயைத் திறந்து, மரத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, பால் எடுத்துக்கொண்டிருந்த காளியம்மாவைச் சருகுக்குள் கிடந்த பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. நவமணி தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள். ஸ்டோருக்கு ஆள் ஓடியது. ஸ்டோரிலிருந்து பக்கிரிசாமி ஓடினார். மேட்டில் கறுப்புக் கார் தெரிந்தபோது, இவ்வளவு சீக்கிரம் அது எப்படி வந்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

வழியெல்லாம் காளியம்மா வாயை மூடவில்லை. "மெதுவாப் போங்கண்ணே, பாம்பு கடிச்சுச் சாவாதவ உங்க காருல அடிபட்டுச் செத்தான்னு பேரு வரப்போவுது" என்றாள். சொல்லும்போதே நவமணியின் கையைப் பிய்ந்துவிடும்படி பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், பிழைத்துக்கொள்வாள் என்றார் நர்ஸ்.

இரண்டு பேரும் காருக்குத் திரும்பினார்கள். பக்கிரிசாமி முன்னால் ஏறி உட்கார்ந்தார், நவமணி பின்னால். அவர் காரைக் கிளப்பாமல், துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகு ஏறி ஏறி இறங்கியது.

"பாத்தியா தங்கச்சி. கையில இருந்துச்சு. போனேன், போட்டேன், வந்தேன். இவ்ளோதான். அன்னிக்கி இப்படி வந்திருந்தா, அவ இந்நேரம் வீட்டுல குந்திக்கிட்டு என்னத் திட்டிக்கிட்டிருப்பா."

நவமணி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"அண்ணே. கவுத்தால இல்லண்ணே."

"என்னா?"

"அண்ணிக்கு மூணு மணிக்கே இழுப்பு வந்துடுச்சு. நீங்க அப்பதான் சோத்துல கைய வச்சீங்க. மழையே இல்ல அப்ப. நான் சொல்ல வந்தேன். தின்னு முடிக்கட்டும்னாங்க. அப்புறம் தூங்கட்டும்னாங்க. சத்தியம் வாங்கிக்கிட்டாங்கண்ணே."

துடைக்கிற கை நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு தள்ளுவண்டிக்காரன் ஐஸ் சீவிக்கொண்டிருந்தான். சீவுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

"நான் மறு சோறு கேட்டேனே" என்றார்.

"ஆமாண்ணே."

"சிரிச்சுக்கிட்டே வந்து வச்சாளே."

"வெளிய வந்துதான் மூச்சு விட்டாங்க."

அவர் கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நவமணி ஒன்றும் விளங்காமல் இறங்கினாள். அன்றைக்குப் பிச்சையம்மாளின் தலையை மடியில் வைத்து அவள் உட்கார்ந்திருந்த அந்த மூலையில் அவர் ஏறி, ஓர் ஆள் படுக்கிற அளவு பக்கத்தில் இடம் விட்டு, ஒடுங்கி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.